மிளகுக்கு ஒரு வெள்ளை அட்டை

ஜூன் 3, திங்கள்

ஆபீஸில் யாருக்கும் வேண்டாமல் கிடந்த டைரி. முதல் நாலு பக்கத்தில் யாரோ டீக்கடைக் கணக்கு எழுதியிருக்கிறார்கள். கிழித்துவிட்டு ஆரம்பிக்கிறேன். ஒரு விஷயத்தைத் தீர விசாரித்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

மாடியில் குடியிருக்கும் ரெபேக்காவுக்கு போபாலுக்கு மாற்றல். பாங்கு வேலை என்றால் அப்படித்தான். ஜூலைக் கடைசியில் கிளம்புகிறாள். அங்கே தங்கப்போவது பெண்கள் விடுதியில் ஓர் அறையில். அவளுடைய நாய்க்கு அங்கே இடமில்லை. நாயின் பெயர் மிளகு. நிறம் கறுப்பு, எடை ஆறு கிலோ. கால் நாலும் சாண் அளவுகூட இல்லை, உடம்பு மட்டும் ரயில் பெட்டி மாதிரி நீளம். வயது ஐந்து.

"நாம வச்சுக்கலாம்ங்க" என்றாள் பவளம், சோற்றைப் போட்டுக்கொண்டே. மகள் வேலைக்கு ஓசூர் போனதிலிருந்து பவளம் டிவியில் வருகிற பெண்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நேற்று ஒருத்தியை நன்றாகத் திட்டினாள்.

"முதல்ல கணக்குப் பார்க்கணும். ஆசைக்கு வாங்கிட்டு அரைகுறையா வச்சுப் பார்க்குறது பாவம்" என்றேன்.

அவள் என் வலது கெண்டைக்காலைப் பார்த்தாள். அங்கே ஒரு தழும்பு இருக்கிறது. ஒன்பது வயதில் ரேஷன் கடை வாசலில் வாங்கியது. அப்போதெல்லாம் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான் பேசுவது செலவைப் பற்றி.

ஜூன் 5, புதன்

நாய் வளர்க்க என்ன ஆகும் என்று விசாரிக்க திண்டுக்கல்லில் என்னை விடத் தோதான ஆள் கிடையாது. மின்வாரியத்தில் கணக்கீட்டாளர். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய் மீட்டரைப் பார்த்து, வெள்ளை அட்டையில் ரீடிங் எழுதிவிட்டு வருகிறேன். இருபத்தாறு வருடம். என் எல்லைக்குள் நூற்று நாற்பது வீட்டில் நாய் இருக்கிறது. எந்த நாய் கேட்டுக்குப் பின்னால் படுத்திருக்கும், எது சத்தம் போடாமல் பின்பக்கமாக வரும் என்பதெல்லாம் மனப்பாடம்.

கையில் எப்போதும் குடை வைத்திருப்பேன். மடக்கியேதான் இருக்கும். வெயிலுக்குத்தான்.

இன்று முதல், ரீடிங் எழுதியதும் ஒரு கேள்வி கேட்பதாக முடிவு: "நாய்க்கு மாசம் என்ன செலவாகுதுங்க?"

ஜூன் 9, ஞாயிறு

இருபத்திரண்டு வீடு முடிந்தது. கன்றுக்குட்டி அளவு நாய் வைத்திருக்கிற மர டிப்போக்காரர் "ஐநூறு ரூபா ஆகும் சார்" என்றார். பல் டாக்டர் வீட்டில் "எங்க, மிச்சம் மீதி திங்குது" என்றார்கள். ஒரு அம்மாள் "நாயா? இது பக்கத்து வீட்டு நாய்ங்க, சும்மா வந்து படுத்திருக்கு" என்று சொல்லிவிட்டார். அது அவர் காலடியில் சங்கிலியோடு கிடந்தது.

சராசரி மாதம் அறுநூற்று நாற்பது. நான் நினைத்ததில் பாதிகூட இல்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஏனோ சந்தோஷமாக இல்லை.

ஜூன் 10, திங்கள்

பவளத்திடம் தொகையைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏங்க, ஈபிக்காரர் வந்து உங்க வீட்ல என்ன செலவுன்னு கேட்டா எவனாவது நிஜத்தைச் சொல்வானா? ஏசி எத்தனைன்னு கேட்டாலே எண்ணிக்கையைக் குறைக்கிற ஊரு இது. நாய்க்கும் ஏதோ வரி போடப்போறாங்கன்னு நினைச்சிருப்பாங்க."

உண்மைதான். பல் டாக்டர் மனைவி கேட்டைச் சாத்தும்போது உள்ளே யாரிடமோ "கணக்கெடுக்குறாங்க போல" என்று சொன்னது காதில் விழுந்தது. அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை. ஐந்து நாள் உழைப்பு வீண்.

ஜூன் 14, வெள்ளி

மருந்துக் கடை சூசை எனக்குப் பள்ளிக்கூடத்து நண்பன். அவன் வீட்டிலும் சின்ன ஜாதி நாய். அவனிடம் மட்டும் நேராகச் சொல்லிக் கேட்டேன். உள்ளே போய் ஒரு ஃபைல் கொண்டுவந்தான்.

தீனி, பூச்சி மருந்து, உண்ணி மருந்து, வருடத் தடுப்பூசி, நகம் வெட்ட, ஊருக்குப் போனால் விட்டுவிட்டுப் போகிற இடத்துக்கு. மாதத்துக்குப் பிரித்தால் இரண்டாயிரத்து ஐநூறு. தவிர, போன வருடம் அது ஒரு காலுறையை விழுங்கிவிட்டது. அதை வெளியே எடுக்கப் பதினாலாயிரம்.

"காலுறை எவ்வளவுடா?" என்று கேட்டேன்.

"அம்பது ரூபா. ஜோடி."

வீட்டுக்கு வந்து காகிதத்தைப் பவளத்தின் முன்னால் வைத்தேன். உள்ளுக்குள் ஒரு நிம்மதி. நியாயமான காரணம் கிடைத்துவிட்டது.

பவளம் அலமாரியைத் திறந்து துணிப்பை ஒன்றை எடுத்தாள். தெருப் பெண்களுக்குச் சேலை ஓரம் அடித்தும் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்தும் சேர்த்த பணம். "மாசச் செலவு என்னுது. ரெண்டாயிரத்து ஐநூறு என்னால முடியும்" என்றாள். நான் ஆபீஸில் இருக்கிற நேரத்தில் இந்த வீட்டில் இப்படி ஒரு தொழில் நடந்திருக்கிறது.

"அவசரச் செலவுக்கு? குறைஞ்சது முப்பதாயிரம் கையில இருக்கணும்" என்றேன்.

"உங்க வண்டிப் பணம் இருக்குல்ல?"

"அது வண்டிப் பணம்" என்றேன்.

என் மொபெட்டுக்குப் பதினாலு வயது. புது வண்டிக்காக மூன்று வருடமாகத் தபால் நிலையத்தில் போட்டு வருகிறேன். நாற்பத்தோராயிரம் இருக்கிறது. அதைத் தொடுவதாக இல்லை.

ஜூன் 23, ஞாயிறு

ரெபேக்கா விடுதியில் அறை பார்க்க போபால் போயிருக்கிறாள். நாலு நாள் மிளகு எங்களோடு. "ஒத்திகைன்னு வச்சுக்கங்க" என்கிறாள் பவளம்.

நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து டிவி பார்த்தேன். முதுகுக்கு நல்லது.

ஜூன் 25, செவ்வாய்

மத்தியானம் சாப்பிட வந்தபோது மிளகு என் செருப்பின் மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. செருப்பு வேண்டும், ஆனால் எழுப்ப மனமில்லை. ஆறடி தள்ளி நின்று பார்த்தேன். அந்தச் சின்ன விலாவுக்குள் நெஞ்சு அடிப்பது அங்கிருந்தே தெரிந்தது. அவ்வளவு வேகம். கனவில் ஏதோ ஓடியது போல, காலை உதறியது. எங்கே ஓடுகிறது, யாரைத் துரத்துகிறது? மீட்டருக்குள் சக்கரம் சுற்றுவதைத் தினமும் பார்க்கிறவன் நான். இதை இருபது நிமிஷம் பார்த்தேன். ஆபீஸுக்குத் தாமதம்.

வெறுங்காலோடு போயிருக்கலாம் என்று பவளம் கிண்டல் செய்தாள்.

ஜூலை 28, ஞாயிறு

ரெபேக்கா கிளம்பினாள். தடுப்பூசிப் புத்தகம், தட்டு, போர்வை, கயிறு எல்லாம் கொடுத்தாள். ஒன்றை மட்டும் மூன்று தடவை சொன்னாள்.

"அண்ணா, படி ஏற விடாதீங்க, இறங்கவும் விடாதீங்க. குட்டைக் கால், நீள முதுகு. குதிச்சா முதுகெலும்பு தாங்காது. ஒரு கை நெஞ்சுக்கடியில, ஒரு கை பின்னாடி. இப்படி. எங்க, தூக்குங்க பார்ப்போம்?"

"பவளம் பார்த்துக்குவா" என்றேன்.

இத்தனை வருடம் ரெபேக்கா மாடிப்படியில் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறி இறங்கியதைச் செல்லம் என்று நினைத்திருந்தேன். எங்கள் வாசலில் மூன்று படி.

ஆட்டோ போனபிறகு மிளகு கேட்டருகே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தது. பவளம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

இரவு ஒரு புது வெள்ளை அட்டையில் மிளகின் பெயரை எழுதி, கோடு போட்டு, சமையலறையில் ஆணியில் மாட்டினேன். முன் ரீடிங், இந்த ரீடிங், வித்தியாசம். செலவை இப்படி எழுதினால்தான் எனக்குப் புரியும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

சாயங்காலம் காலி மனைக்குக் கூட்டிப்போவது என் முறை என்று பவளம் முடிவு செய்திருக்கிறாள். கயிறு நீளமானது. வசதி.

ஆகஸ்ட் 8, வியாழன்

படி இறங்க அதற்கே வழி தெரிகிறது. தப்தப்தப் என்று மூன்றே நொடி. பெரிதாகச் சொல்லிவிட்டாள் ரெபேக்கா.

ஆகஸ்ட் 15, வியாழன்

அட்டையில் இந்த மாதம் இதுவரை 1,910. கட்டுக்குள் இருக்கிறது.

சாயங்காலம் தானே இறங்கியது, தானே ஏறியது.

ஆகஸ்ட் 23, வெள்ளி

நத்தத்தில் பவளத்தின் தம்பி வீட்டுப் புதுமனை புகுவிழா. அவள் நாளைதான் வருவாள். எனக்கு இட்லி மாவு, மிளகுக்குச் சோறும் முட்டையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

காலையும் மாலையும் மிளகு தானே இறங்கி ஏறியது. மாலையில் கடைசிப் படியில் ஒரு சின்னச் சத்தம் போட்டது. பிறகு சரியாகிவிட்டது.

ஆகஸ்ட் 24, சனி

காலை ஆறு மணிக்குக் கூப்பிட்டேன். வரவில்லை. போர்வையில் கிடந்தது. முன்னங்கால் இரண்டையும் ஊன்றி என் பக்கமாக வரப் பார்த்தது. பின்பாதி தரையில் இழுபட்டது. பின்பாதி அதனுடையது இல்லை என்பது போல.

பவளத்துக்கு ஃபோன் போட்டேன். "தூக்கிட்டு ஓடுங்க" என்றாள்.

தூக்கினேன்.

ஒரு கை நெஞ்சுக்கடியில், ஒரு கை பின்னால். வலியில் இருக்கிற நாய் கடிக்கும் என்பது எனக்குத் தெரியும். கடித்திருந்தால் நியாயம். அது ஆட்டோ முழுக்க என் மணிக்கட்டை நக்கிக்கொண்டே வந்தது. ஐம்பத்தொரு வயதில் ஒரு நாயைத் தொட்டிருக்கிறேன். இவ்வளவு சூடாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

டாக்டர் நவநீதம் எக்ஸ்ரே எடுத்தார். முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற டிஸ்க் நகர்ந்து நரம்பை அழுத்துகிறதாம். பிறகு பின்கால் விரலை ஓர் இடுக்கியால் அழுத்தினார். மிளகு திரும்பிப் பார்த்துக் கத்தியது.

"நல்லது, உணர்ச்சி இருக்கு" என்றார் டாக்டர்.

லைன் அறுந்ததா, லூஸ் காண்டாக்டா என்று டெஸ்டர் வைத்துப் பார்ப்பது போலத்தான். இது லூஸ் காண்டாக்ட். அழ வேண்டிய இடத்தில் சந்தோஷப்பட்டு நின்றேன்.

சென்னைக்குப் போய் ஆபரேஷன் என்றால் எண்பதாயிரத்துக்குக் குறையாது. இல்லையென்றால் ஆறு வாரம் கூண்டுக்குள் அசையாமல் வைத்து, மருந்து கொடுத்து, மதுரையில் லேசர் சிகிச்சை. "உணர்ச்சி இருக்குறதால இதையே முயற்சி பண்ணலாம். ஆனா ஆறு வாரமும் கைக்குழந்தை மாதிரி. மூத்திரத்தைக்கூட வயித்தை அமுக்கி நீங்கதான் எடுக்கணும். நடக்குமான்னு உறுதி சொல்ல மாட்டேன்" என்றார்.

"எப்படி ஆச்சு? படியேறி இறங்குச்சா?" என்றும் கேட்டார்.

தெரியவில்லை என்றேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

பவளம் துணிப்பையைத் திறந்தாள். "அதை வை" என்று சொல்லிவிட்டுத் தபால் நிலையம் போனேன். கவுன்டரில் இருக்கிற பையன் "என்ன சார், வண்டி எடுத்தாச்சா?" என்றான். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

அட்டை: எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, ஊசி 6,850. கூண்டு 4,200. மதுரைக்கு வாடகைக் கார், ஒரு தடவைக்கு 1,800. லேசர் ஒரு தடவைக்கு 800. கட்டம் போதவில்லை. இரண்டாவது அட்டை ஒட்டினேன்.

காலை ஐந்தரைக்கு நான், மத்தியானம் பவளம், இரவு நான். அடிவயிற்றில் எலுமிச்சம்பழ அளவு ஒன்று விரலுக்குத் தட்டுப்படும். அதை மெதுவாக அழுத்த வேண்டும். நான் அழுத்தும்போது அது வெட்கப்படுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நானும் திருப்பிக்கொள்வேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

மாற்றமில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

மாற்றமில்லை. வண்டிப் பணத்தில் பாக்கி 19,400. மொபெட் கொட்டபட்டியில் நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

பவளம் கூண்டின் பக்கத்தில் பாய் போட்டு மிளகுக்கு டிவிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது காதைத் தூக்கிக் கேட்கிறது. என்னால் பார்க்க முடியவில்லை. போய் அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"பவளம், அதுக்கு இப்படி ஆகுறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவைகூட அதைத் தூக்கலை. ஆகஸ்ட் பூரா அதுதான் படியில குதிச்சுச்சு. எனக்குப் பயம். தொட முடியலை. காசு காசுன்னு பேசினதெல்லாம் அதை மறைக்கத்தான்."

அவள் மிளகின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"தெரியும்ங்க. உங்க சட்டையைத் துவைக்கிறது நானு. ஒரு முடிகூட இருந்ததில்லையே."

"அப்புறம் ஏன் கேட்கலை?"

"நீங்களா தூக்குவீங்கன்னு நினைச்சேன். எம் மேலயும்தான் தப்பு" என்றாள். பிறகு, "இப்பப் பாருங்க. சட்டையை ரெண்டு தடவை அலச வேண்டியிருக்கு" என்றாள்.

அவளும் அழுதாள், நானும் அழுதேன். மிளகு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

செப்டம்பர் 14, சனி

வால்!

காலையில் கூண்டைத் திறந்தேன். வாலின் நுனி, கடைசி இரண்டு அங்குலம், தரையில் ஒரு தட்டுத் தட்டியது. கண்ணால் கண்டதை நம்பாமல் வெளியே போய்விட்டு மறுபடி உள்ளே வந்தேன். மறுபடி தட்டியது. நாலு தடவை வெளியே போய் வந்தேன். நாலு தடவையும் தட்டியது.

புயலில் மூன்று நாள் கரண்டு இல்லாமல் கிடந்த தெருவில் விளக்கு எரியும்போது ஜனங்கள் "ஏய்" என்று கத்துவார்கள். நான் அதைக் கம்பத்தடியில் நின்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இன்று நான் கத்தினேன். பவளம் பல் துலக்கியபடியே ஓடிவந்தாள்.

எலும்புக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத நூலளவு நரம்பு. யாரும் உள்ளே போய் முறுக்கவில்லை, ஒட்டவில்லை. அதுவே தன்னைத் தேடிக்கொண்டு வாலின் நுனி வரை வந்திருக்கிறது. இருபத்தாறு வருடம் மின்சாரத்தோடு இருந்தும் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 25, புதன்

இடுப்புக்கடியில் துண்டு கொடுத்துத் தாங்கினால் பின்கால் தரையை உதைக்கிறது. ஒன்பது நொடி நின்றது. பாக்கி 7,150.

அக்டோபர் 4, வெள்ளி

அக்டோபர் ரீடிங் ஆரம்பம். குடையை மறந்துவிட்டேன். பாதித் தெரு போனபிறகுதான் கவனித்தேன்.

மர டிப்போ வீட்டில் அந்தக் கன்றுக்குட்டி அளவு நாய் வழக்கம்போலப் பாய்ந்து வந்தது. என் முழங்கையருகே வந்து நின்று, கையை மோந்து, சட்டையை மோந்து, வாலை ஆட்டியது. நான் நகராமல் நின்றேன். டிப்போக்காரர் சட்டையிலிருந்த கறுப்பு முடியைப் பார்த்துவிட்டு, "நீங்களும் வளர்க்குறீங்களா சார்?" என்றார்.

மிளகுக்கு ஆனதைச் சொன்னேன். அவர் திண்டில் உட்கார்ந்துவிட்டார். "ஐநூறுன்னு அன்னைக்குப் பொய் சொன்னேன் சார். இவனுக்குப் போன வருஷம் இடுப்பு எலும்புக்கு ஒரு லட்சத்துக்குப் பக்கம். மர லோடு ஒண்ணை நஷ்டத்துக்கு வித்தேன். வீட்டுக்காரிக்குக்கூட முழுசாத் தெரியாது."

நான் எதுவும் கேட்கவில்லை. அவர்களாகவே சொன்னார்கள். பல் டாக்டர் மனைவி, கண் தெரியாத நாய்க்கு இரண்டு வருடமாகத் தினமும் ஊசி போடுகிறாராம். பக்கத்து வீட்டு நாய் என்று சொன்ன அம்மாள், அதற்குப் புற்றுநோய் வந்தபோது தோட்டை அடகு வைத்திருக்கிறார். இன்னும் மீட்கவில்லை. காதில் ஈர்க்குச்சி.

"நாய் ஜாக்கிரதை" என்று பலகை மாட்டிய கேட்டுக்குப் பின்னால் இத்தனை நடந்துகொண்டிருக்கிறது. இருபத்தாறு வருடமாக உள்ளே போய் மீட்டரை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். இன்று பதினெட்டு வீடுதான் முடிந்தது. மேலதிகாரி கேட்டால் திட்டுவார். திட்டட்டும்.

அக்டோபர் 6, ஞாயிறு

ஆறு வாரம் நேற்றோடு முடிந்தது. டாக்டர் கூண்டை எடுத்துவிடச் சொல்லிவிட்டார். கூடத்தில் மிளகை இறக்கிவிட்டுப் பவளம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்கார்ந்தோம். பின்பாதி கொஞ்சம் ஒதுங்கி ஒதுங்கி, குடித்தவன் நடை. ஆனாலும் நடை. நாலு காலில் நேராக என்னை நோக்கி வந்தது. ஒரு நாய் என்னை நோக்கி வருகிறது, நான் பின்னால் நகரவில்லை. மடியில் ஏறித் தாடையை முட்டியது.

அட்டை முடிவு: மொத்தம் 38,260. பாக்கி 2,740. வண்டிக்கு ஒரு டயர் வாங்கலாம்.

சாயங்காலம் கயிற்றை எடுத்தேன். சத்தம் கேட்டதும் மிளகு வாசலுக்குப் போனது. நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அது முதல் படியின் விளிம்புக்குப் போய்விட்டது. தேடுவதை விட்டு நிமிர்ந்தேன்.

அது குதிக்கவில்லை. விளிம்பில் நின்றது. கீழே பார்த்தது. பிறகு உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது. நான் வருவேன் என்று காத்திருந்தது. என்னால்தான் விழுந்தது என்பது அதற்குத் தெரியாதா, தெரிந்தும்தான் காத்திருந்ததா?

செருப்பில்லாமலே போனேன். ஒரு கை நெஞ்சுக்கடியில், ஒரு கை பின்னால். மூன்று படி தூக்கிக்கொண்டு இறங்கினேன்.